டேட்டா ஃப்ரீ, சர்வர் ஃப்ரீ இல்ல: சிவிக் ஆப்களின் இருபது வருஷக் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் ஒரு சின்ன வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம், நானும் என் ரூம்மேட்டும் சேர்ந்து ஒரு ஆப் பண்ணோம். ஒரு அரசு வலைப்பக்கத்துல தெருவாரியா அறிவிப்பு போடுவாங்க. எந்தத் துறைங்கறது இங்க முக்கியமில்ல. நீளமான ஒரு டேபிள், அதுல நம்ம தெருவைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள கண்ணு வலிச்சிடும். நாங்க ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி, அந்த டேபிளைத் தினமும் எடுத்து, மேப்ல போட்டு, உங்க தெரு பேர் வந்தா போன்ல நோட்டிஃபிகேஷன் வர்ற மாதிரி செஞ்சோம். முதல் மாசம் நாப்பது பேர். ஒரு வருஷத்துல சில நூறு பேர்.

அந்தப் பக்கத்தோட டிசைன் மாறும்போதெல்லாம் ஸ்கிரிப்ட் உடையும். ஞாயித்துக்கிழமை ராத்திரி உக்காந்து சரி பண்ணுவேன். ரூம்மேட் பெங்களூர் போயிட்டான். ஒருநாள் சர்வர் பில் கட்டுற கார்டு எக்ஸ்பயர் ஆச்சு. புதுக் கார்டு நம்பர் போடணும்னு நெனச்சேன், போடல. நாலு நாள் கழிச்சு ஒருத்தர் மெயில் அனுப்பினாரு: "தம்பி, ஆப் வரல. சரியாயிடுமா?" நான் பதில் போடல.

அந்த மெயில் இன்னைக்கும் என் இன்பாக்ஸ்ல ஸ்டார் போட்டு இருக்கு. இந்த எபிசோடே அதுக்கான பதில்னு வெச்சுக்கோங்க. அரசு தர்ற திறந்த தரவை வெச்சு, அதாவது ஓபன் டேட்டாவை வெச்சு, மக்களுக்கு உதவுற ஆப் பண்ணவங்க உலகத்துல நிறைய பேர். அதுல எது நிலைச்சுது, எது செத்துது, ஏன்? இதைக் காலவரிசையில பார்ப்போம்.

சிகாகோ, 2005

கூகுள் மேப்ஸ் வந்தது 2005 பிப்ரவரி. மவுஸால இழுத்தா மேப் நகருதுங்கறதே அப்போ பெரிய அதிசயம். டெவலப்பர்களுக்குன்னு ஏபிஐ எதுவும் இன்னும் வரல. அந்த இடைவெளியில, அதே வருஷம் மே மாசம், ஏட்ரியன் ஹோலோவாட்டிங்கற ஒரு புரோகிராமர் ஒரு சைட் வெளியிட்டாரு. பேரு சிகாகோகிரைம் டாட் ஆர்க்.

சிகாகோ போலீஸ் அவங்க சைட்ல குற்றத் தகவல்களைத் தேடிப் பார்க்கிற வசதி ஏற்கெனவே வெச்சிருந்தாங்க. ஆனா பயன்படுத்த கஷ்டம். ஹோலோவாட்டி அந்தத் தகவலை ஸ்கிரிப்ட் மூலமா எடுத்து, கூகுள் மேப்போட கோடு எப்படி வேலை செய்யுதுன்னு தானே நோண்டிப் பார்த்து, ரெண்டையும் ஒட்டவெச்சாரு. ஏபிஐ அடுத்த மாசம்தான் அதிகாரபூர்வமா வந்துச்சு. இவர் ஜாங்கோ ஃப்ரேம்வொர்க்கை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர். பைத்தான் எழுதுறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, உங்க சம்பளத்துல கொஞ்சம் இவர் கைவண்ணமும் இருக்கு.

கவனிங்க, இங்க புதுத் தகவல் ஒண்ணுமே இல்ல. எல்லாம் ஏற்கெனவே பொதுவுல இருந்ததுதான். "என் வீட்டுக்குப் பக்கத்துல என்ன நடந்துச்சு?"ங்கற கேள்விக்கு ஒரே கிளிக்ல பதில் கிடைச்சுது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா அந்த வித்தியாசம் ரொம்பப் பெருசு.

2007ல நைட் ஃபவுண்டேஷன் இவருக்கு ரெண்டு வருஷத்துக்கு 11 லட்சம் டாலர் நிதி கொடுத்துச்சு. குற்றம் மட்டும் போதாது, ஒரு தெருவைப் பத்தி அரசு கையில இருக்கிற எல்லாத்தையும் காட்டணும்னு எவ்ரிபிளாக் பிறந்துச்சு. 2008 ஜனவரியில சிகாகோ, நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ மூணு ஊர்ல ஆரம்பம். உங்க பிளாக்ல யாரு வீடு கட்ட அனுமதி வாங்கியிருக்காங்க, முனையில இருக்கிற ஹோட்டல்ல சுகாதார ஆய்வுல என்ன சொன்னாங்க, எந்த ரோடு மூடியிருக்கு, எல்லாம் ஒரே இடத்துல.

2009 ஜூன்ல நிதி முடிஞ்சுது. நைட் ஃபவுண்டேஷன் நிபந்தனைப்படி கோடை ஓபன் சோர்ஸ் பண்ணாங்க. சரி, இனிமே சம்பளம் யார் கொடுப்பா? ஆகஸ்ட்ல எம்எஸ்என்பிசி டாட் காம் வாங்கிடுச்சு. நல்ல முடிவுதானே? பெரிய மீடியா கம்பெனி, பணம் இருக்கு, ஊர் ஊரா விரிவாக்கலாம். விரிவாக்கினாங்க. 2011ல சைட்டை மாத்தி, வெறும் டேட்டாவோட சேர்த்து அக்கம்பக்கத்து ஆளுங்க பேசிக்கிற இடமாவும் ஆக்கினாங்க. ஹோலோவாட்டி 2012ல விலகினாரு. அதே வருஷம் அந்த சைட்டோட முழு உரிமை என்பிசி கைக்கு வந்துச்சு.

2013 பிப்ரவரி 7. காலையில சைட்டைத் திறந்தா ஒரு குட்பை மெசேஜ். முன்னறிவிப்பு கிடையாது. பழைய பதிவுகளை எடுத்து வெச்சுக்க ஒரு நாள்கூட அவகாசம் கொடுக்கல. கம்பெனியோட வளர்ச்சித் திட்டத்துக்கு இது பொருந்தலைங்கறதுதான் சொல்லப்பட்ட காரணம். பல வருஷமா தெருவாரியா பேசிட்டு இருந்தவங்களுக்கு அக்கம்பக்கம் ஒரே காலையில காணாம போச்சு. உருவாக்கின ஹோலோவாட்டிக்கே அது ஆச்சரியமா இருந்துச்சுன்னு அவரே எழுதினாரு.

காம்காஸ்ட் 2014ல சிகாகோவுல திரும்ப ஆரம்பிச்சுது. 2018ல நெக்ஸ்ட்டோர்ல கலந்துபோச்சு. கதை முடிஞ்சுது.

எவ்ரிபிளாக் தோத்ததுக்குக் காரணம் ஆப் சரியில்லைங்கறது இல்ல. அதைத் தினமும் பார்த்தவங்க காசு கொடுக்கல. காசு கொடுத்தவங்க முதல்ல ஒரு ஃபவுண்டேஷன், அப்புறம் ஒரு மீடியா கம்பெனி. ரெண்டு பேருமே அந்தத் தெருவுல குடியிருக்கல.

போர்ட்லாண்ட், அதே 2005

அதே வருஷம் நாட்டோட மேற்குக் கோடியில, ஆரிகன் மாநிலத்துல, போர்ட்லாண்ட் நகரத்துல இன்னொரு கதை. இது சத்தமே இல்லாம நடந்துச்சு. ஆனா உங்க போன்ல இன்னைக்கு ஓடிட்டு இருக்கிறது இதுதான்.

டிரைமெட்ங்கறது போர்ட்லாண்டோட பஸ், ரயில் நிறுவனம். அங்க ஐடி பிரிவுல மேனேஜரா இருந்தவங்க பிபியானா மெக்ஹியூ. வெளியூர் போனா கார்ல போக வழி சொல்ல எத்தனையோ சைட் இருக்கு, பஸ்ல போக வழி கேட்டா ஏன் இவ்வளவு கஷ்டம்? இந்தக் கேள்வி அவங்களை உறுத்திட்டே இருந்துச்சு. மேப் கம்பெனிகளுக்கு எழுதினாங்க. பதில் சொன்னது கூகுள். அங்க கிறிஸ் ஹாரெல்சன்னு ஒரு இன்ஜினியர், ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்துல இதே மாதிரி ஒரு பிராஜெக்ட் பண்ணிட்டு இருந்தாரு. அவருக்குத் தேவைப்பட்டது டேட்டா. இவங்ககிட்ட டேட்டா இருந்துச்சு.

2005 டிசம்பர்ல கூகுள் டிரான்சிட் வந்துச்சு. ஒரே ஊர், போர்ட்லாண்ட்.

ஆனா முக்கியமான விஷயம் ஆப் இல்ல, ஃபார்மேட். அவங்க தேர்ந்தெடுத்தது ஒரு ஜிப் ஃபைல், உள்ள சில டெக்ஸ்ட் ஃபைல். நிறுத்தங்களுக்கு ஒண்ணு, ரூட்டுகளுக்கு ஒண்ணு, டிரிப்புகளுக்கு ஒண்ணு, எந்த டிரிப் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும்னு ஒண்ணு. எல்லாம் கமா போட்டுப் பிரிச்ச வரிகள். எக்ஸெல்ல திறக்கலாம். ஏன் இவ்வளவு எளிமைன்னா, சின்ன ஊர்ல ஒரே ஒரு கிளார்க் வெச்சிருக்கிற பஸ் நிறுவனமும் இதைச் செய்ய முடியணும். அதுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம்: ராத்திரி 12 மணி தாண்டி ஓடுற பஸ்ஸுக்கு நேரத்தை 25:30ன்னு எழுதலாம். நாள் மாறிடுச்சேன்னு குழம்ப வேண்டாம். பஸ் டிப்போவுல வேலை செய்றவங்க எப்படி யோசிப்பாங்களோ அப்படி.

இந்த ஃபார்மேட் பேருதான் ஜிடிஎஃப்எஸ். அந்த ஜி முதல்ல கூகுளைக் குறிச்சுது. அப்புறம் உலகம் பூரா பரவினதும் அதை ஜெனரல்னு மாத்தினாங்க. அதுக்கு அர்த்தம், இது ஒரு கம்பெனி சொத்து இல்ல, எல்லாருக்கும் பொது.

இது பிசினஸா? நேரடியா இல்ல. ஆனா அடுத்து வர்ற பல பிசினஸுக்கு இதுதான் தார் ரோடு. ஒரு ஊருக்கு எழுதின கோடு அடுத்த ஊருக்கும் வேலை செய்யும். சிகாகோ போலீஸ் டேட்டாவை எடுக்க எழுதின ஸ்கிரிப்ட் நியூயார்க்குக்கு உதவாது. ஊருக்கு ஊர் புதுசா எழுதணும். போர்ட்லாண்டுக்கு எழுதின பஸ் ஆப், சியாட்டில்ல அப்படியே ஓடும். இந்த ஒரு வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கோங்க.

பரிசு கொடுத்தா ஆப் வரும், நிக்குமா?

2008ல வாஷிங்டன் டிசி நகர நிர்வாகம் ஒரு போட்டி நடத்துச்சு. ஆப்ஸ் ஃபார் டெமாக்ரஸின்னு பேரு. அப்போ நகரத்தோட தொழில்நுட்பத் தலைவர் விவேக் குந்த்ரா, டெல்லியில பிறந்தவர். மொத்தச் செலவு 50,000 டாலர். 30 நாள்ல 47 ஆப் வந்துச்சு. இதையே டெண்டர் விட்டு வாங்கியிருந்தா எத்தனை மடங்கு ஆகியிருக்கும்னு கணக்குப் போட்டுப் பெருமையா சொன்னாங்க. அடுத்த வருஷமே குந்த்ரா அமெரிக்க மத்திய அரசோட முதல் தலைமைத் தகவல் அதிகாரி ஆனாரு. 2009 மே மாசம் டேட்டா டாட் கவ் வந்துச்சு. உலகம் பூரா ஹேக்கத்தான் காய்ச்சல்.

நம்மள்ல நிறைய பேர் காலேஜ்ல ஹேக்கத்தான் போயிருப்போம். பீட்சா, எனர்ஜி டிரிங்க், விடியக்காலை நாலு மணிக்கு டெமோ. பரிசு வாங்கின ஆப் ஆறு மாசம் கழிச்சு எங்க இருக்கும்? கிட்ஹப்ல, ஒரு ரெபோல, கடைசி கமிட் அதே ஞாயித்துக்கிழமை.

டிசியிலயும் அதேதான் நடந்துச்சு. ரெண்டாவது தடவை நடத்தினாங்க. 2010ல, குந்த்ராவுக்குப் பின்னாடி வந்த நிர்வாகம் போட்டியை நிறுத்திடுச்சு. ஸ்மார்ட்போன் வெச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் பயன்படுற, கொஞ்ச நாள்ல பராமரிப்பு இல்லாமப் போற ஆப்களுக்காக ஏன் மெனக்கெடணும்னு யோசிக்க ஆரம்பிச்சாங்க.

போட்டியால டேட்டாவுக்கு ஒரு மவுசு வந்துச்சு, அது நல்லதுதான். ஆனா பரிசுங்கறது ஆப் பிறந்த அன்னைக்குக் கிடைக்கிற மொய்ப்பணம். அதுக்கப்புறம் குழந்தைக்கு மாசாமாசம் பால் வாங்கணுமே, அதை யாரும் கணக்குல எடுக்கல.

லண்டன்: எல்லாரும் நேசிச்ச ஆப்

இப்போ லண்டன். டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன், சுருக்கமா டிஎஃப்எல், ஒரு முடிவு எடுத்துச்சு: நாங்களே பெரிய ஆப் கட்டுறதைவிட, டேட்டாவைத் திறந்து விடுறோம், யார் வேணாலும் ஆப் பண்ணட்டும். 2010ல பாதாள ரயில் இப்போ எங்க இருக்குங்கற நேரடித் தகவலையும் திறந்தாங்க. இதனால பயணிகளுக்கும் நகரத்துக்கும் வருஷத்துக்கு 13 கோடி பவுண்டு வரைக்கும் பலன்னு 2017ல டெலாய்ட் ஒரு ஆய்வுல சொல்லுச்சு. அப்போ இந்த டேட்டாவுல ஓடின ஆப்கள் 600க்கு மேல.

13 கோடி பவுண்டு பலன்னா, அதுல ஒரு துளி ஆப் கட்டினவங்களுக்குக் கிடைச்சிருக்கணும் இல்லையா? அந்தக் கேள்விக்கான பதில்தான் சிட்டிமேப்பர்.

ஆசுமத் யூசுஃப், முன்னாடி கூகுள்ல இருந்தவர், 2011ல ஆரம்பிச்சாரு. முதல் பேரு பஸ்மேப்பர். லண்டன் பஸ் மட்டும். அப்புறம் எல்லா வண்டியும் சேர்ந்து சிட்டிமேப்பர் ஆச்சு. ரயில்ல எந்தப் பெட்டியில ஏறினா இறங்கும்போது படிக்கட்டுக்குப் பக்கமா இருக்கும்னு சொல்லும். லண்டன்ல இருக்கிற என் ஃபிரெண்ட் ஒருத்தி சொல்லுவா: ஊர் புதுசுன்னு பயமே வரல, போன்ல இது இருந்துச்சு.

முதலீடு கொட்டுச்சு. 2016 ஜனவரியில மட்டும் 4 கோடி டாலர். ஆனா வருமானம்? விளம்பரம் போட்டா ஆப் கெட்டுப்போகும். கட்டணம் கேட்டா ஆளுங்க கூகுள் மேப்ஸுக்குப் போயிடுவாங்க. ஏன்னா அதே டேட்டா அங்கயும் ஓசிதான். திறந்த தரவோட கூர்மையான முனை இதுதான்: உனக்கு ஃப்ரீன்னா, உன்னைவிடப் பணக்காரனுக்கும் ஃப்ரீ.

சிட்டிமேப்பர் ஒரு வித்தியாசமான யோசனை பண்ணுச்சு. மக்கள் எங்க இருந்து எங்க போகத் தேடுறாங்கன்னு எங்களுக்குத் தெரியும். எந்த இடத்துக்குப் பஸ் சரியா இல்லைன்னும் தெரியும். அப்போ நாங்களே பஸ் விடுறோம்! 2017 மே மாசம் சோதனையா பச்சைப் பஸ் விட்டாங்க. செப்டம்பர்ல கிழக்கு லண்டன்ல ராத்திரி பஸ். ஆனா பஸ் ரூட்டுன்னா லைசன்ஸ், விதிமுறை. டேட்டா பார்த்து நாளைக்கே ரூட்டை மாத்த முடியாது. அடுத்து 2018ல எட்டு சீட் வேன். வாடகைக் கார் விதிகளுக்குள்ள அடங்கணும்னா அதுக்கு மேல சீட் வைக்க முடியாது. அடுத்த வருஷம் அதையும் நிறுத்தினாங்க. 2019லயே லண்டன்ல வாராந்திரப் பாஸ் வித்துப் பார்த்தாங்க. அதே வருஷக் கடைசியில கொரோனா தலைகாட்டுச்சு, 2020ல ஊரே வீட்டுக்குள்ள. பயண ஆப் நடத்துறவங்களுக்கு அதைவிட மோசமான வருஷம் இருக்க முடியாது.

2021ல, ஆப்பை நேசிச்சவங்ககிட்டயே பங்கு வித்து நிதி திரட்டினாங்க. மக்களும் போட்டாங்க. 2023 மார்ச்ல வியாங்கற அமெரிக்கக் கம்பெனி வாங்கிடுச்சு. வியா யாருன்னா, நகர நிர்வாகங்களுக்கும் போக்குவரத்து நிறுவனங்களுக்கும் சாஃப்ட்வேர் விக்கிறவங்க. இதைக் கவனிச்சீங்களா? பயணிகளை வெச்சு சம்பாதிக்கப் பார்த்த கம்பெனியை, நகரத்துக்கிட்ட பில் போடுற கம்பெனி வாங்கிடுச்சு.

கடல் தாண்டி மான்ட்ரியல்ல 2012ல ஆரம்பிச்ச டிரான்சிட்ங்கற ஆப் அதே டேட்டாவை வெச்சு வேற வழி பிடிச்சுது. பயணிக்கு ஒரு சந்தா திட்டம். ஆனா அந்த ஊர்ப் போக்குவரத்து நிறுவனமே மொத்தமா பணம் கட்டிட்டா, ஊர்ல எல்லாருக்கும் அது ஃப்ரீ. பயணி ஒவ்வொருத்தர்கிட்டயும் கையேந்த வேண்டாம்.

நியூ ஹேவன்: குழி யாருக்கு வலிக்குது?

நான் இந்த எபிசோடுக்காகப் படிச்சதுல எனக்கு ரொம்பப் புரிய வெச்ச கதை இது. கனெக்டிகட் மாநிலத்துல நியூ ஹேவன்ங்கற நடுத்தர ஊர். பென் பெர்கோவிட்ஸும் நண்பர்களும் 2008 வாக்குல சீக்ளிக்ஃபிக்ஸ் ஆரம்பிச்சாங்க. ரோட்டுல குழியா, சுவத்துல கிறுக்கலா, தெருவிளக்கு எரியலையா, மேப்ல புள்ளி வை. அதிகாரிக்குப் போகும், அக்கம்பக்கத்துக்காரங்களும் பார்க்கலாம், "எனக்கும் இதே பிரச்சினை"ன்னு ஓட்டுப் போடலாம்.

இங்க டேட்டா தலைகீழா ஓடுது. அரசு கொடுத்து மக்கள் வாங்கல. மக்கள் கொடுத்து, எல்லார் கண்ணு முன்னாடியும் திறந்து வெச்சு, அரசு வாங்குது.

காசு எங்க இருந்து வந்துச்சு? மக்களுக்கு எப்பவும் ஃப்ரீ. நகராட்சிக்கு முதல்ல வந்தது காசு இல்ல, தலைவலி. தினமும் வர்ற நூத்துக்கணக்கான புகாரைப் பிரிக்கணும், சரியான துறைக்கு அனுப்பணும், ஒரே குழிக்கு இருபது பேர் புகார் கொடுத்தா ஒண்ணாச் சேர்க்கணும், முடிஞ்சதும் சொல்லணும். அந்த வேலைக்கான டேஷ்போர்டைத்தான் சீக்ளிக்ஃபிக்ஸ் நகராட்சிக்கு வித்துது. நகராட்சிக்கு அதுக்கு பட்ஜெட்ல தலைப்பு இருக்கு. போன்ல புகார் எடுக்க ஆள் வெச்சா ஆகுற செலவு அவங்களுக்குத் தெரியும். 2011ல முதலீடும் வந்துச்சு. 2019ல சிவிக்பிளஸ்ங்கற, உள்ளாட்சிகளுக்கு சாஃப்ட்வேர் விக்கிற கம்பெனி வாங்குச்சு. சேவை நிக்கல.

பிரிட்டன்ல இதே மாதிரி 2007லயே மைசொசைட்டிங்கற அறக்கட்டளை ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் ஆரம்பிச்சுது. அவங்க கண்டுபிடிச்ச ஏற்பாடு இன்னும் அழகு. மக்கள் பக்கம் இலவசம், கோடு ஓபன் சோர்ஸ், நடத்துறது அறக்கட்டளை. ஆனா அறக்கட்டளைக்கே சொந்தமா சொசைட்டிவொர்க்ஸ்னு ஒரு கம்பெனி. அது உள்ளாட்சிகளுக்கு அதோட புரோ வடிவத்தை விக்கும், லாபம் அறக்கட்டளைக்குத் திரும்பும். யாராவது வாங்கி ஒரே காலையில மூடிடுவாங்கங்கற பயம் ரொம்பக் குறைவு. எவ்ரிபிளாக்கைப் பார்த்துட்டு இதைப் படிச்சப்போ, "அட, இப்படியும் செய்யலாமா"ன்னு இருந்துச்சு.

இதுலயும் ஒரு முள் இருக்கு, மறைக்க விரும்பல. நகராட்சி உங்க கஸ்டமர் ஆயிட்டா, நகராட்சிக்குச் சங்கடம் தர்ற விஷயத்தை ஆப்ல பெருசா காட்டுவீங்களா? "இந்த வார்டுல 90 நாளா குழி மூடல"ன்னு சிவப்புல போடுவீங்களா? புகார் எல்லார் கண்ணுக்கும் தெரியணும்ங்கறதை ஒப்பந்தத்துக்கு முன்னாடியே விதியா வெச்சாதான் அந்த நேர்மை பிழைக்கும்.

மழைக்கு யார் காசு கொடுப்பா?

ஆப்னு சொல்ல முடியாது, ஆனா அரசுத் தரவுல பிறந்த பெரிய பிசினஸ்னா இதைச் சொல்லாம விட முடியாது. 2006ல கூகுள்ல இருந்து வெளிய வந்த டேவிட் ஃப்ரீட்பர்க், சிராஜ் காலிக் ரெண்டு பேரும் வெதர்பில் ஆரம்பிச்சாங்க. சான் பிரான்சிஸ்கோவுல ஃப்ரீட்பர்க் வேலைக்குப் போற வழியில ஒரு சைக்கிள் வாடகைக் கடை. மழை பெஞ்சா கடை மூடியிருக்கும். மழையால எத்தனை தொழிலுக்கு நஷ்டம்ங்கற யோசனை அங்க ஆரம்பிச்சுது.

அமெரிக்க அரசு வானிலைத் தரவு, மண் தரவு, பல வருஷ விளைச்சல் கணக்கு எல்லாத்தையும் பொதுவுல வெச்சிருக்கு. அதை வெச்சு, இந்த வயலுக்கு இந்த நாள்ல மழை பொய்ச்சா இவ்வளவு நஷ்டம்னு கணக்குப் போட்டு இன்சூரன்ஸ் வித்தாங்க. முதல்ல யார் வேணாலும் வாங்கலாம்னு ஆரம்பிச்சு, கடைசியில விவசாயத்துல வந்து நின்னாங்க. 2011ல கிளைமேட் கார்ப்பரேஷன்னு பேர் மாத்தினாங்க. 2013ல மான்சான்டோ சுமார் 93 கோடி டாலருக்கு வாங்குச்சு.

எவ்ரிபிளாக்கும் வெதர்பில்லும் ரெண்டுமே ஓசி டேட்டாவுல ஆரம்பிச்சதுதான். எவ்ரிபிளாக் தகவல் சொல்லுச்சு: உன் தெருவுல இது நடந்துச்சு. வெதர்பில் ஒரு பொறுப்பை ஏத்துக்குச்சு: மழை பொய்ச்சா பணம் நான் தர்றேன். தகவலுக்குக் காசு கொடுக்க யோசிக்கிற அதே ஆள், நஷ்டத்தை இன்னொருத்தர் தோள்ல இறக்கி வைக்கக் காசு கொடுப்பான். அதே சமயம், பொதுமக்கள் வரியில சேர்ந்த டேட்டா கடைசியில ஒரு விதைக் கம்பெனி கையில பலம் சேர்த்துச்சுங்கறதையும் யோசிக்கணும். நிலைச்சு நிக்கிறதும் ஊருக்கு நல்லதும் எப்பவும் ஒண்ணு இல்ல.

நம்ம பக்கம்

இந்தியாவுல தரவுப் பகிர்வுக் கொள்கை வந்தது 2012. அதே வருஷம் டேட்டா டாட் கவ் டாட் இன். 2018ல டெல்லி அரசு, ஐஐஐடி டெல்லியோட சேர்ந்து பஸ்களோட டேட்டாவைத் திறந்துச்சு. நான் மேல சொன்ன போர்ட்லாண்ட் ஃபார்மேட்லயே.

ஆனா நம்ம ஊர்ல எல்லார் போன்லயும் இருக்கிற உதாரணம் வேற: வேர் இஸ் மை டிரெயின். பெங்களூர்ல சிக்மாய்டு லேப்ஸ்ங்கற சின்ன டீம் பண்ணது. ரயில் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க, பயணியோட போன் எந்த செல்போன் டவர்ல இருக்குன்னு பார்த்தாங்க. ஜிபிஎஸ் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். தமிழ்லயும் வேலை செய்யும். 2018 டிசம்பர்ல கூகுள் வாங்கிடுச்சு. நேரடி டேட்டாவுக்காகக் காத்திருக்காம, பயணிகள்கிட்ட இருந்தே டேட்டாவை உருவாக்கினாங்க. சலோ மாதிரி கம்பெனிகளும் பஸ்ல ஜிபிஎஸ் மாட்டுற வேலையில இருந்து ஆரம்பிச்சு, டிக்கெட் விக்கிற இடத்துல வருமானம் பார்க்கிறாங்க.

அப்போ நம்ம ஊர்ல இதைச் செய்ய நெனைக்கிறவங்க, டேட்டா வரும்னு உக்காந்திருக்க முடியாது. டேட்டாவைச் சுத்தப்படுத்துறதும் உருவாக்குறதுமே பாதி வேலை. ஒருவிதத்துல அதுதான் நமக்கு அனுகூலமும். யாரும் சுலபமா காப்பி அடிக்க முடியாது.

அந்த மெயிலுக்குப் பதில்

இவ்வளவும் படிச்சப்புறம் என் பழைய ஆப்பைத் திரும்பப் பார்த்தேன். தப்பு என்னன்னு இப்போ தெரியுது. யாரு பயன்படுத்துறாங்கன்னு கேட்டேன். அது இல்லாததால யாருக்குச் செலவு கூடுது, அந்தச் செலவுக்கு ஏற்கெனவே யார் பட்ஜெட்ல இடம் இருக்குன்னு கேட்கவே இல்ல. எங்க ஆப்பைப் பயன்படுத்தினவங்கள்ல நாலஞ்சு அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர்கள் இருந்தாங்க. அறிவிப்பைப் பார்த்து இருநூறு வீட்டுக்குச் சொல்ற வேலை அவங்களோடது. அவங்ககிட்ட மாசம் முந்நூறு ரூபா கேட்டிருந்தா சர்வர் பில் அடைஞ்சிருக்கும். கேட்கக் கூச்சம். இது சேவையாச்சே, காசு கேட்டா தப்பாயிடுமேன்னு ஒரு எண்ணம். அந்தக் கூச்சத்தோட விலையைக் கொடுத்தது நான் இல்ல, மெயில் போட்டவர்.

ரெண்டாவது தப்பு இன்னும் பெருசு. காசு இல்லாம மூடுறது தப்பில்ல. எவ்ரிபிளாக்கை மூடின விதத்தைப் படிச்சு எனக்குக் கோவம் வந்துச்சு. கோவம் அடங்கினப்புறம்தான் புரிஞ்சுது: நானும் அதையேதான் செஞ்சேன், சின்ன அளவுல. இலவசமா கொடுத்தாலும், ஒருத்தர் அதை நம்பித் தன் நாளைத் திட்டமிட்டார்னா அது ஒரு வாக்கு. மூடுறதா இருந்தா முன்கூட்டிச் சொல்லணும், கோடையும் டேட்டாவையும் அடுத்தவங்க எடுத்து நடத்துற மாதிரி வெச்சுட்டுப் போகணும். இதுக்குப் பெரிய ஃபண்டிங் தேவையில்ல, ஒரு ஞாயித்துக்கிழமை போதும்.

போன வாரம் அந்தக் கோடை சுத்தம் பண்ணி, எப்படி ஓட்டணும்னு தமிழ்லயே குறிப்பு எழுதி, பொதுவுல போட்டேன். அந்த மெயிலுக்கும் பதில் போட்டேன், ஆறு வருஷம் லேட்டா. "மன்னிச்சிடுங்க சார், சொல்லாம நிறுத்திட்டேன்"னு. ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு. வேற ஏரியாவுக்கு வீடு மாறிட்டாராம். அந்த ஏரியாவுக்கும் வருமான்னு கேட்டிருக்காரு.

இந்தத் தடவை முதல்ல சங்கச் செயலாளர்கள்கிட்ட பேசிட்டுத்தான் பதில் சொல்லணும். உங்க அபார்ட்மென்ட்லயோ தெருவுலயோ இந்த மாதிரி அறிவிப்பைப் பார்த்து எல்லாருக்கும் சொல்ற ஆள் யாராவது இருந்தா, அவங்க ஒருநாளைக்கு எவ்வளவு நேரம் இதுக்குச் செலவழிக்கிறாங்கன்னு கேட்டுப் பாருங்க. எனக்கும் எழுதுங்க. இந்தத் தடவை கண்டிப்பா பதில் போடுவேன்.

அடுத்த வாரம் பார்ப்போம்.